பம்பின் பக்கம் நின்றவர்

கிளிநொச்சியில் உதிரிப்பாகக் கடை ஒன்றில் நான் வேலை செய்த காலத்தில், கடையின் பின்னறையில் ஓர் அக்கா டீசல் பம்ப் பார்த்துக்கொண்டிருந்தார். உழவு மெசின், வெட்டு மெசின், லொறி, பஸ் என்று எதனுடைய பம்ப் பழுதென்றாலும் கழற்றி உரப்பையில் சுற்றிக்கொண்டு அந்த அறைக்குத்தான் வருவார்கள். நான் முன்பக்கத்தில் பெல்ட்டும் பேரிங்கும் விற்பேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும் இருந்தது. ஆகையால் அங்கே நடந்த விசாரணைகள் எல்லாம் என் காதில் விழுந்தன.

அவற்றை விசாரணைகள் என்றுதான் சொல்லவேண்டும். வந்தவர் கதை சொல்லி முடிக்கும்வரை அக்கா குறுக்கே பேசமாட்டார். ஸ்டூலில் இருந்து, கையைத் துணியில் துடைத்தபடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். வீட்டில்கூட யாரும் தன் கதையை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்ற சந்தோசத்தில் வந்தவர் இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்வார். எல்லாம் முடிந்த பிறகு அக்கா சொல்வார்:

“சரி அண்ணை. இப்ப நடந்ததைச் சொல்லுங்கோ.”

குரலில் கோபம் இராது. தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்பதுபோலக் கேட்பார். ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் பெரிய மீசைக்காரர்கள்கூடக் காலை மாற்றி நிற்பார்கள்.

ஒருமுறை வட்டக்கச்சியிலிருந்து ஒருவர் வந்தார். உழவு மெசின் வயலுக்குள் தானாக நின்றுவிட்டதாம். பம்ப்தான் செத்துப்போயிற்று என்று அவரே முடிவு கட்டி, பம்பையும் பில்டரையும் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அக்கா பில்டரைச் சரித்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, பெருவிரலால் தேய்த்து, மணந்து பார்த்தார்.

“தண்ணி நிக்குது. எப்பிடி உள்ள போனது?”

“மழை பெய்ததுதானே தங்கச்சி.”

“மழை டாங்கிக்குள்ளயோ பெய்தது?”

அவர் என் பக்கம் பார்த்தார். நான் பெல்ட்டுகளை எண்ணுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

“டாங்கி மூடி துலைஞ்சு போச்சுது” என்றார் கடைசியில். “சிரட்டை ஒண்டைக் கவிழ்த்து வைச்சனான்.”

“எவ்வளவு காலமாய்?”

“விதைப்புத் தொடக்கம்.”

அக்காவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. “பில்டர் தடுத்து வைச்சிருக்கு. பம்ப் தப்பிட்டுது. பம்பில ஒரு பிழையும் இல்லை” என்றார். பரீட்சையில் மகள் பாஸ் பண்ணிவிட்டாள் என்று சொல்லும் தாய் அப்படித்தான் சொல்வாள்.

அக்காவின் உலகத்தில் பம்ப் ஒருபோதும் குற்றவாளி அல்ல. எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில் என்று அளந்து அனுப்புவது அதன் வேலை. அதைக் கெடுக்க வெளியில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்: அடைத்த பில்டர், துருப்பிடித்த டாங்கி, எங்கோ ஒரு கிளிப் இளகி உள்ளே புகுந்த காற்று. எல்லாவற்றிலும் பெரிய எதிரி சொந்தக்காரர். “மெசினுக்கு வாயில்லை. வாய் இருக்கிற ஆள் வந்து அதின்ர தலையில பழியைப் போடுறார்” என்பார். பம்பின் பக்கம் கதைக்க ஓர் ஆள் வேண்டுமென்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர் அவர்.

அறையின் நடுவில் பம்பைச் சோதிக்கும் மெசின் நின்றது. பம்பை அதில் பூட்டி ஓடவிட்டால், வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறும். எல்லாக் குழாயிலும் ஒரே மட்டத்துக்கு ஏறினால் பம்ப் சுகம். ஒன்றில் குறைந்தால் அங்கே நோய். சொந்தக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழாய்களையே பார்த்து நிற்பார்கள். அக்கா குழாயைப் பார்க்கமாட்டார். குழாயைப் பார்க்கும் ஆளின் முகத்தைப் பார்ப்பார்.

பலரை அவர் பில்டர் மாற்றச் சொல்லியும் காற்று எடுக்கச் சொல்லியும் பம்பைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் முதலாளிக்கு இது பெரிய மனவருத்தம். “வாற ஆக்களை எல்லாம் சுகம் எண்டு சொல்லி அனுப்பினால் அந்தப் பிள்ளை எப்பிடித் தொழில் செய்யிறது?” என்று என்னிடம் குறைப்படுவார். அவர் அதை அக்காவிடம் சொல்லமாட்டார். சொன்னால் அவரையும் அக்கா விசாரித்துவிடுவார் என்ற பயம்.

அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஏனென்றால் அக்காவின் சந்தேகம் பம்போடு நிற்கவில்லை. சந்தையில் மீன்காரர் “இண்டைக்கு விடியப் பிடிச்சது” என்றால், “எந்த ஊர் விடியல்?” என்று கேட்பார். பஸ்ஸில் ஏறுமுன் பலகையை வாசித்து, கொண்டக்டரிடம் கேட்டு, பிறகு இருக்கும் பயணி ஒருவரிடமும் கேட்டுத்தான் கால் வைப்பார். நான் கொண்டுபோகும் சோற்றுப் பார்சலைக்கூட அவர் விட்டு வைக்கவில்லை. “கொம்மா சமைச்சதெண்டு சொன்னனீ. இது கடைச் சம்பல்” என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அது கடைச் சம்பல்தான்.

அவருடைய கணவர் முல்லைத்தீவுக் கரையில் களப்பில் இறால் பிடிப்பவர். கிழமை நாட்களில் அக்கா கிளிநொச்சியில் மச்சாள் வீட்டில் தங்கி, சனிக்கிழமை பின்னேரம் கரைக்குப் போவார். எப்போதாவது அந்த மனிதர் ஒரு பை இறாலோடு கடைக்கு வருவார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் எனக்குச் சொல்ல ஒண்டும் மிச்சமில்லைப் பிள்ளை. எல்லாம் வீட்டிலயே முடிஞ்சிடும்.” தட்டிக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: “என்ன, அங்க என்ன கதை?” அவர் இறாலை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பெண்ணொருத்தி எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். போர் முடிந்து முகாமிலிருந்து வந்த பிறகு வவுனியாவில் ஒரு தொழிற்பயிற்சிக்குப் போனாராம். “தையலுக்கு இடம் முடிஞ்சுது. டீசல் பம்புக்கு ஒருத்தரும் இல்லை. அதில இருத்திவிட்டாங்கள்” என்பார். அவரோடு பழகிய பழக்கத்தில் எனக்கும் அந்த முதல் கதையில் நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் துணிந்து, “நடந்ததைச் சொல்லுங்கோ அக்கா” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “தையல் வகுப்பில ஒரு கிழமை இருந்தனான். ரீச்சரோட கொழுவிப்போட்டன். அவா நேராய் வெட்டினதெண்டு சொன்னா. நான் அளந்து பாத்தன்” என்றார்.

எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது நான் செய்த பெரிய துணிச்சல், பெண் பார்க்கும் நாளில் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டது. மாப்பிள்ளையின் மாமா கதிரையில் நிமிர்ந்திருந்து பெடியனுடைய அருமை பெருமைகளைச் சொன்னார். வெளிநாட்டுக்குப் போக எல்லா வசதியும் இருந்தும், தாய்மண்ணை விட்டுப் போக மனமில்லாமல் நின்றுவிட்ட பிள்ளை என்றார். அம்மா உருகிப்போனார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் கண்ணால் காட்டிய சாடை ஒன்றும் பலிக்கவில்லை.

“சரி ஐயா. இப்ப நடந்ததைச் சொல்லுங்கோ.”

மாமா வேட்டியைச் சரிசெய்தார். பிறகு, யாரும் வற்புறுத்தாமலே, பெடியன் விமான நிலையம்வரை போனதையும், விமானத்தைக் கிட்டத்தில் கண்டதும் பெட்டியோடு திரும்பி வவுனியா ரெயில் ஏறிவிட்டதையும் சொன்னார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அந்தக் காதைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன். தாய்மண் கதையோடு நின்றிருந்தால் வேண்டாமென்று சொல்லியிருப்பேன். அந்த மனிதர் இப்போதும் வவுனியாவைத் தாண்டிப் போவதென்றால் ரெயிலில்தான் போகிறார்.

அக்காவின் சந்தேகம் இறுகிப்போனது டீசல் தட்டுப்பாடு வந்த காலத்தில். பெற்றோல் செற் வாசலில் பிளாஸ்டிக் கான்களோடு நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், கிடைத்ததை எல்லாம் டாங்கிக்குள் ஊற்றினார்கள். மண்ணெண்ணெய் கலந்தார்கள். பொரித்த எண்ணெயை வடித்துக் கலந்தவரும் உண்டு. அவருடைய பம்பைத் திறந்தபோது அறை முழுக்க வடை வாசம் வந்தது. பம்புக்குள் ஓடும் உருளைகளுக்கு டீசல்தான் வழுவழுப்பு. மண்ணெண்ணெய் அதைக் கழுவி எடுத்துவிடும். பிறகு இரும்பும் இரும்பும் உரஞ்சிக் கீறல் விழும். அப்படிக் கீறல் விழுந்த பம்புகள் அறையில் வரிசையாகக் கிடந்தன. கொண்டுவந்தவர்கள் எல்லோரும் முதலில் இல்லை என்றார்கள். எல்லோரும் பிறகு ஓம் என்றார்கள். அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். திட்டமாட்டார். ஆனால் ஓம் என்று சொல்லும்வரை விடவும்மாட்டார்.

தட்டுப்பாடு தீர்ந்து, டீசல் தாராளமாக வந்த பிறகும் அந்தக் கண் அவருக்கு மாறவில்லை. அப்படியான ஒரு காலபோக அறுவடை நேரத்தில்தான் நானா வந்தார்.

முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்து, தலை நரைத்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்தவர். மைத்துனரோடு சேர்ந்து ஒரு வெட்டு மெசின் வைத்திருந்தார். அறுவடைக் காலத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோய் நெல் வெட்டிக் கொடுப்பார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். போன வருடமும் ஒருமுறை அக்காவிடம் வந்திருந்தார். இந்தமுறை பம்பை ஒரு துவாயில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மெசின் முரசுமோட்டையில் ஒரு வயலின் நடுவில் நின்றுவிட்டது.

“நெல் அடர்த்தியா இருக்கிற இடத்தில இழுக்கக்குள்ள மூச்சு முட்டுது தங்கச்சி. கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைச்சா திரும்பவும் ஸ்டார்ட் வருது. பிறகும் அதேமாதிரி. நேத்து ஒரேயடியா நிண்டுட்டு” என்றார்.

அக்கா கேட்டார். தலையும் ஆட்டினார். பம்பைத் திறந்து, உருளை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நெடுகக் கீறல்.

“சரி நானா. இப்ப நடந்ததைச் சொல்லுங்கோ.”

“அதுதான் சொன்னேனே.”

“மண்ணெண்ணெய் எவ்வளவு கலந்தனீங்கள்?”

“ஒரு சொட்டும் கலக்கல்ல.”

“தட்டுப்பாட்டுக்குள்ள மிஞ்சின பழைய கான் ஏதும் கிடந்து, ஊத்தினதோ?”

“இல்ல தங்கச்சி.”

“மைத்துனர் ஊத்தியிருப்பாரோ?”

நானா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். “அவர் இல்லாத இடத்தில அவரைப் பத்திக் கேக்காதீங்க” என்றார். “நான் சொன்னதுதான் நடந்தது.”

“பம்ப் வேற மாதிரிச் சொல்லுதே.”

“அப்ப நீங்க பம்போடயே கதைச்சு முடிவெடுங்க.”

அவர் சத்தம் போடவில்லை. தொப்பியைச் சரிசெய்து, துவாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என்னைக் கடக்கும்போது, “போயிட்டு வாறன் மகள்” என்று வழக்கம்போலச் சொன்னார். பம்ப் அக்காவின் மேசையில் திறந்தபடி கிடந்தது.

அன்று மத்தியானம் எட்டிப் பார்த்தேன். அக்கா அந்த உருளையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். சோறு தொடாமல் கிடந்தது.

“ஒருத்தரும் இப்பிடி ரெண்டாம் கதை சொல்லாமல் போனதில்லை” என்றார்.

“ரெண்டாம் கதை இல்லையோ தெரியாது அக்கா.”

“கீறல் இருக்குப் பிள்ளை. கீறல் பொய்யோ?”

முரசுமோட்டையில் பல குடும்பங்களின் நெல்லை வெட்டித் தருவதாக நானா வாக்குக் கொடுத்திருந்தார். மற்ற மெசின்கள் எல்லாம் வேறு வேறு பக்கம் போய்விட்டன. கதிர் முற்றிச் சாய்ந்து நின்றது. கிழக்கில் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் மழையைப் பற்றியே பேசினார்கள். அக்கா புது உருளைகள் போட்டுப் பம்பைக் கட்டத் தொடங்கினார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போகாமல் கிளிநொச்சியிலேயே நின்று, காலைப் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினார்.

“வெளிக்கிடு. முரசுமோட்டைக்குப் போவம்.”

“பம்ப் பூட்டவோ அக்கா?”

“டாங்கியில இருக்கிற டீசல் எடுக்க” என்று பையைத் திறந்து காட்டினார். கழுவிக் காயவைத்த ஜாம் போத்தல் ஒன்று இருந்தது. கட்டிய பம்பும் பக்கத்தில் இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. ஆதாரம் எடுக்கப் போனார்.

பரந்தன் தாண்டி வீதியின் இரண்டு பக்கமும் பழுத்த வயல். மெசின் தூரத்திலேயே தெரிந்தது, பாதி வெட்டிய பாத்திக்குள் பெரிய சிவப்பு மாடு படுத்ததுபோல. வரம்பில் வயல்காரர்கள் நின்றார்கள். நானா மெசினின் நிழலில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, “வாங்க” என்று மட்டும் சொன்னார்.

அக்கா நேரே டாங்கிக்குப் போனார். போத்தலில் டீசல் எடுத்தார். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். மணந்தார். விரலில் தேய்த்தார். திரும்பவும் மணந்தார். போத்தலை என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

“மணந்து பார்.”

“டீசல்தான் அக்கா.”

“எனக்குத் தெரியும் டீசல் எண்டு” என்று சினந்தார். பிறகு நானாவைப் பார்த்து, “டாங்கியைக் கழுவினனீங்களோ?” என்று கேட்டார்.

“இல்ல.”

வரம்பில் நின்ற ஓர் அம்மா பொறுமையிழந்தார். கடைசிப் பாத்தி அவருடையது. “பிள்ளை, போத்தலைப் பிறகு பாக்கலாம். மழை வந்தால் என்ர நெல்லு படுத்திடும். மெசின் ஓடுமோ ஓடாதோ?” என்றார்.

அக்கா டாங்கியிலிருந்து பில்டருக்குப் போகும் வழியைக் கையால் தடவிக்கொண்டு போனார். அங்கே ஒரு முழம் ரப்பர் பைப் இருந்தது. வெளியே பார்க்கப் புதிது. நெடுகப் பச்சைக் கோடு போட்டது. அதைக் கண்டதும் அவருடைய கை நின்றது. எனக்கும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. அக்காவின் அறைச் சுவரில் ஆணியில் தொங்கிய சுருளிலிருந்து வெட்டியது அது. போன வருடம் நானா வந்தபோது, பம்பில் பிழையில்லை, பைப்தான் வெடித்திருக்கிறது என்று சொல்லி, இந்தத் துண்டை வெட்டி அவரிடம் சும்மா கொடுத்துவிட்டவர் அக்காதான்.

இரண்டு பக்கக் கிளிப்பையும் இளக்கிப் பைப்பை எடுத்தார். கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியவில்லை. சட்டைப்பையில் இருந்த சின்னக் கத்தியால் நெடுகக் கீறிப் பிரித்தார். உள்ளே ரப்பர் ஊதி, தோல் தோலாக உரிந்து கிடந்தது. டீசலுக்கு உதவாத பைப். எஞ்சின் சும்மா ஓடும்போது கொஞ்சம் டீசல் போகும். பாரம் ஏறி வேகமாக உறிஞ்சும்போது அந்தத் தோல் ஒட்டி வழியை அடைத்துவிடும். நிப்பாட்டி வைத்தால் திரும்ப விடும். டீசல் கிடைக்காமல் காய்ந்து ஓடிய பம்பில் கீறல் விழாமல் என்ன செய்யும்?

இழுக்கும்போது மூச்சு முட்டுகிறது, நிப்பாட்டி வைத்தால் சரியாகிறது. நானா முதல் கதையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அக்கா வெயிலில் நின்றார். கையில் அந்தப் பைப். நான் நினைத்தேன், இவர் இப்போது இதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறொன்றைப் பூட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நானாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான் வாய் திறக்கப்போவதில்லை.

அவர் நானாவுக்கு முன்னால் போய் நின்று, பிரித்த பைப்பை நீட்டினார்.

“இதாலதான் நிண்டது. பைப் பிழையான பைப்.” பச்சைக் கோட்டைக் காட்டினார். “நான் தந்தது நானா. டீசல் பைப் எண்டு சொல்லித்தான் ஒருத்தன் கொண்டுவந்து தந்தவன். சோதிச்சுப் பாக்காமல் எடுத்திட்டன்.”

வரம்பில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்ட வந்தார். நாட்கணக்காகக் காத்திருந்த கோபம் முழுவதும் திரும்புவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டதுபோல் இருந்தது.

நானா பைப்பை வாங்கி, பச்சைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது நீங்க தந்தது இல்ல தங்கச்சி” என்றார்.

அக்கா நிமிர்ந்தார்.

“நீங்க தந்தத நான் மாத்திட்டன். இது... இது வேற கடையில எடுத்தது. அங்கால... புதுக்குடியிருப்பில.” அவர் பார்வை பைப்பில் இருந்தது, அக்காவில் இல்லை. “அதே நிறம். அதுதான் உங்களுக்கு விளங்கல்ல.”

இப்படி மோசமாகச் சொல்லப்பட்ட பொய்யை நான் அந்தக் கடையில் வேலை செய்த காலம் முழுவதிலும் கேட்டதில்லை. வட்டக்கச்சிச் சிரட்டைக்காரர்கூட இதைவிடத் திறமாகச் சொல்லியிருப்பார். எந்தக் கடை, எந்த நாள் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், நானா விழுந்துவிடுவார். அக்காவின் வாய் திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“சரி நானா” என்றார் அக்கா.

அவ்வளவுதான். திரும்பிப் போய்ப் பையிலிருந்த பம்பை எடுத்தார். நானாவிடம் மெசினோடு வந்த பழைய பைப் துண்டு ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. வெடித்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்து, விரலை விட்டுத் தடவி, வளைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் பூட்டினார். காற்று எடுத்தார். நானா ஏறி ஸ்டார்ட் பண்ணினார். மெசின் கறுப்புப் புகை ஒன்றைத் தள்ளிவிட்டு ஓடத் தொடங்கியது. அடர்த்தியான பக்கத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி, அது மூச்சு முட்டாமல் இழுத்ததைக் கண்ட பிறகே அக்கா கையைத் துடைத்தார்.

மழை வந்தது. ஆனால் கொஞ்சம் பிந்தி வந்தது. பெரும்பகுதி வெட்டி முடிந்துவிட்டது. கடைசிப் பாத்தி மட்டும் நனைந்து, நானா சேற்றுக்குள் மெசினை இறக்கி வெட்டினாராம். அந்த அம்மா நெல்லை நெடுஞ்சாலைக் கரையில் பரப்பிக் காயவைத்ததை நான் பஸ்ஸில் போகும்போது கண்டேன். வழியில் போன லொறிகளை எல்லாம் கூட்டும் தும்புத்தடியால் விரட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அக்கா செய்த முதல் வேலை, ஆணியில் தொங்கிய பச்சைக் கோட்டுச் சுருளை இறக்கித் துண்டு துண்டாக வெட்டியது. இரண்டாவது வேலை, அந்தப் பைப்பை வேறு யார் யாருக்குக் கொடுத்தேன் என்று யோசித்தது. பின்னேரங்களில் ஸ்கூட்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

அது எளிதான வேலையாக இருக்கவில்லை. அக்கா வாசலில் இறங்கியதும் வீடுகளில் ஒரு கலவரம் உண்டாகும். ஓரிடத்தில் மனிதர் ஒருவர் ஒரு கானைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஓடினார். இன்னோரிடத்தில், அக்கா “நான் தந்த பைப் பிழையானது, மாத்த வந்தனான்” என்று சொல்லி முடிக்குமுன், வீட்டுக்காரர் தானாகவே கையைக் கட்டிக்கொண்டு, “ஓம் தங்கச்சி, போன மாசம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் விட்டனான், ஒரு போத்தல்தான்” என்றார். “நான் அதைக் கேக்கேல்லை அண்ணை” என்று அக்கா கெஞ்சும் குரலில் சொன்னார். அவர் நம்பவில்லை. அக்கா மெசினுக்கடியில் படுத்துப் பைப்பை மாற்றும்வரை, மனைவி கோழிகளுக்கு வைத்திருந்த தீனைத் தான் ஒளித்துவைத்தது உட்பட இன்னும் நாலைந்து குற்றங்களைச் சொல்லி முடித்தார். நான் வேலியோரம் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கடைசி வீடு முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வாய்க்கால் கட்டில் ஸ்கூட்டியை நிறுத்தி, அக்கா இறங்கிக் கை கழுவினார். மண்ணைப் போட்டு நகத்திலிருந்த கறுப்பை உரஞ்சினார். இவ்வளவு நாளும் கேட்காமல் வைத்திருந்ததை நான் அப்போது கேட்டேன்.

“அக்கா, அண்டைக்கு நானா சொன்னது. பைப்பை மாத்தினதெண்டு.”

“பொய்” என்றார் உடனே.

“தெரிஞ்சுகொண்டும் விட்டிட்டீங்கள்.”

அவர் கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே இருந்தார்.

“பொய் சொல்லத் தெரியாத மனுசன் பிள்ளை. புதுக்குடியிருப்பு எண்டு சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டவர் எண்டு பாத்தனிதானே. அவ்வளவு சனத்துக்கு முன்னால எனக்காகச் சொன்னவர். அதையும் பிரிச்சுப் பாக்கச் சொல்லுறியோ?”

கையை உதறி, பாவாடையில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினார். நான் பின்னால் ஏறியதும் சாவியைப் போட்டார்.

“அந்தப் பொய் என்னட்ட இருக்கட்டும்” என்றார்.